ஃப்ரண்ட்பேஜ்: அது எழுதற கோடிங்க திட்டுங்க, ஐடியாவை திட்டாதீங்க

ஃப்ரண்ட்பேஜ், அதான் வெப்சைட் பண்றதுக்கு மைக்ரோசாஃப்ட் வித்த பழைய சாஃப்ட்வேர், அது பேர சொன்னாலே வெப் டிசைன்ல இருக்கறவங்க மூஞ்சிய சுளிப்பாங்க, அது எழுதித் தர்ற கோடு (பக்கத்துக்குப் பின்னாடி இருக்கற எச்டிஎம்எல்) பூரா குப்பை, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல மட்டும்தான் ஒழுங்கா தெரியும்னு. அதுல நெறைய உண்மை இருக்கு, இல்லனு சொல்ல வரல. ஆனா அந்தக் காலத்துல அது என்ன வேலை பாத்துச்சுனு தெரிஞ்சவங்களுக்கு ஒரேயடியா ஒதுக்க மனசு வராது.

இது மொதல்ல மைக்ரோசாஃப்ட் எழுதினதே இல்ல. சார்லஸ் ஃபெர்குசனும் ராண்டி ஃபோர்கார்டும் 1994ல மாசசூசெட்ஸ்ல ஆரம்பிச்ச வெர்மீர் டெக்னாலஜிஸ்ங்கற குட்டி கம்பெனியோடது. 1995 கடைசில 1.0 வந்துச்சு, 1996 ஜனவரிலயே மைக்ரோசாஃப்ட் சுமார் 13 கோடி டாலருக்கு கம்பெனியவே வாங்கிடுச்சு. (ஃபெர்குசன் அப்புறம் டாக்குமென்டரி பக்கம் போய் ஆஸ்கரே வாங்கினாரு, அது தனிக் கதை.)

அப்ப இருந்த மத்த எடிட்டருங்க பெரும்பாலும் ஒரு பக்கத்தை அழகா பண்ணிக் குடுக்கறதோட நின்னுடும். ஃப்ரண்ட்பேஜ்ல எடிட்டர் தனி, எக்ஸ்ப்ளோரர்னு இன்னொன்னு தனி (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிரவுசர் இல்ல, இது வேற), அந்த எக்ஸ்ப்ளோரர்தான் உயிரே. மொத்த சைட்டையும் ஒண்ணா பாக்கும், எந்தப் பக்கம் எதுக்கு லிங்க் ஆகுதுனு கோடு போட்டு படமாவே காட்டும், ஒரு ஃபைல் பேர மாத்தினீங்கன்னா அதுக்கு லிங்க் இருக்கற மத்த பக்கத்தையெல்லாம் அதுவே தேடிப் போய் சரி பண்ணிடும். கையால எச்டிஎம்எல் எழுதி, ஒரு பேர மாத்திட்டு உடைஞ்ச லிங்க ஒவ்வொண்ணா தேடினவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

அடுத்தது சர்வர் எக்ஸ்டென்ஷன்ஸ், அதாவது சைட் இருக்கற சர்வர்ல போடற துணை சாஃப்ட்வேர். ஹிட் கவுண்டர், சர்ச் பாக்ஸ், ஃபார்ம்ல வர்ற டேட்டாவ ஃபைல்ல சேமிக்கறது, இதுக்கெல்லாம் பெர்ல்ங்கற மொழில ஸ்கிரிப்ட் எழுதத் தெரிஞ்ச ஆள் வேணும்ங்கற நேரத்துல மெனுல க்ளிக் பண்ணா போதும்னு ஆக்குச்சு. ஆனா வில்லங்கமும் இங்கதான். ஹோஸ்டிங் குடுக்கறவங்க சர்வர்ல அந்த எக்ஸ்டென்ஷன் இல்லனா பாதி வசதி செத்துடும், இருந்தாலும் சாதாரண எஃப்டிபில (சர்வருக்கு ஃபைல் அனுப்பற வழக்கமான வழி) ஃபைலை ஏத்தினா உள்ள இருக்கற கணக்கு கலைஞ்சு எக்ஸ்டென்ஷன் கெட்டுப்போகும், திரும்ப இன்ஸ்டால் பண்ணச் சொல்லி ஹோஸ்ட்கிட்ட கெஞ்சணும். பழைய சைட்டுகள்ல விடிஐனு ஆரம்பிக்கற ஃபோல்டருங்கள பாத்திருப்பீங்களே, அது வெர்மீர் டெக்னாலஜிஸ் இன்கார்ப்பரேட்டடோட சுருக்கம்தான், மைக்ரோசாஃப்ட்டோட ஷேர்பாயின்ட் (ஆஃபீஸ்ல ஃபைல் பகிர்ந்துக்கற சைட்) அட்ரஸ்ல இன்னிக்கும் வரும்.

கோடு விஷயத்துல மன்னிக்கவே முடியாது. எழுத்து எப்படித் தெரியணும்னு சொல்ற ஃபான்ட் டேகுக்குள்ள இன்னொரு ஃபான்ட் டேக், நாம அழகா இடம் விட்டு எழுதினத சேவ் பண்ணதும் தன் இஷ்டத்துக்கு மாத்தி வைக்கும். ஃப்ரண்ட்பேஜ் 98ல தீம்ஸ், ஷேர்ட் பார்டர் (எல்லா பக்கத்துக்கும் பொதுவான ஓரம்)னு குடுத்து ஆசை காட்டினாங்க, ஹோவர் பட்டன்னு ஒண்ணு, மவுஸ் வெச்சா கலர் மாறும், அந்த சின்ன எஃபெக்டுக்கு பின்னாடி ஒரு ஜாவா ஆப்லெட், அதாவது பக்கத்துக்குள்ள ஓடற தனி புரோகிராமே ஓடும்! 2000 வெர்ஷன்லதான் நாம எழுதின கோடை அப்படியே விட்டுவைக்கப் பழகுச்சு, எக்ஸ்ப்ளோரரும் எடிட்டரும் ஒண்ணா சேந்ததும் அதுலதான். என்னைக் கேட்டா இருக்கறதுலயே உருப்படியான வெர்ஷன் 2000தான். 2003 நல்லாதான் இருந்துச்சு, கோடையும் டிசைனையும் ஒரே ஸ்கிரீன்ல ரெண்டா பிரிச்சுக் காட்டுச்சு, ஆனா அதுக்குள்ள சீரியஸா வேலை பண்றவங்க 1997 கடைசில வந்த ட்ரீம்வீவர்ங்கற இன்னொரு வெப் எடிட்டர் பக்கம் போயாச்சு.

ஒண்ணு சொல்லணும், திட்டுறவங்கள்ல பல பேர் பாத்தது விண்டோஸ் 98ஓட ஃப்ரீயா வந்த ஃப்ரண்ட்பேஜ் எக்ஸ்பிரஸ். அது வெறும் எடிட்டர், எக்ஸ்ப்ளோரரே கிடையாது, அத வெச்சு முழு சாஃப்ட்வேருக்கும் மார்க் போடறது நியாயமே இல்ல.

2006ல இத நிறுத்திட்டு எக்ஸ்பிரஷன் வெப், ஷேர்பாயின்ட் டிசைனர்னு ரெண்டா பிரிச்சாங்க. புது சைட் பண்ண இப்ப யாரும் இத தொட வேணாம். பழைய சைட்ட கிளறி எடுக்கணும்னா எக்ஸ்பிரஷன் வெப் 4 தேடிப் பாருங்க, அத 2012 கடைசில ஃப்ரீயாவே விட்டுட்டாங்க.