மாண்டூவா, இக்ராவா? குடியேறுவோருக்கான காசநோய்ச் சோதனை

இங்கிலாந்தில் 6 மாதத்துக்கு மேல் தங்க விசா கேட்கும் இந்தியர்கள் புறப்படுமுன் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அது நுரையீரலில் நோயாக வெளிப்பட்ட காசநோயைக் காட்டும். உடலில் உறங்கும் கிருமியைக் காட்டாது. அதற்கு இரண்டு சோதனைகள்: தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ, ரத்தத்தில் பார்க்கும் இக்ரா (IGRA).

வருகை: மாண்டூவுக்கு இரண்டு முறை. ஊசி போட்ட 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பி வந்து, ஊசி போட்ட இடம் தடித்திருக்கிறதா என்று கையைக் காட்ட வேண்டும். ஷிஃப்ட் வேலைக்காரர் பலர் வருவதில்லை. போட்ட ஊசி வீண். இக்ராவுக்கு ஒரே முறை ரத்தம் கொடுத்தால் போதும்.

செலவு: மாண்டூ மலிவு. இக்ராவுக்கு ஆய்வகம் வேண்டும்.

பிசிஜி: பிறந்ததும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவருக்கு, கிருமி இல்லாமலே மாண்டூ பொய்யாகத் தடிக்கலாம். இக்ராவில் அந்தக் குழப்பம் இல்லை. நம் ஊர்க்காரருக்கு இதுவே முக்கியம்.

தவறும் இடம்: மாண்டூவில் 0.1 மில்லி மருந்து தோலுக்குள்ளேயே நிற்க வேண்டும். ஆழமாக இறங்கினால், ஊசி போட்டதும் எழ வேண்டிய சிறு கொப்புளம் எழாது. அளக்க வேண்டியது சிவப்பை அல்ல, தடிப்பை, அதுவும் முன்கையின் குறுக்கே. குவான்டிஃபெரான் என்ற வகை இக்ராவில் நான்கு குழாய்கள், ஒவ்வொன்றிலும் 1 மில்லி ரத்தம். பத்து முறை குலுக்க வேண்டும். வெறி பிடித்தாற்போல் குலுக்கினால் குழாயில் உள்ள ஜெல் உடைந்து முடிவு கெடும். பிறகு 37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைக்க வேண்டும்.

பிசிஜி போட்ட, திரும்பி வருவது உறுதியில்லாத பெரியவருக்கு இக்ரா. 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கும், ஆய்வகம் எட்டாத முகாமுக்கும் மாண்டூ. எது பாசிட்டிவ் ஆனாலும் எக்ஸ்ரே பார்க்காமல், உறங்கும் கிருமிக்கான மாத்திரை தொடங்கக் கூடாது.