‘ஹார்ட் டிஸ்க் போய்விட்டது’ என்று சொல்லி விற்கப்பட்ட டிஸ்க்: பழைய கணினி வைத்திருப்போர் கவனத்துக்கு

பழைய கணினி திடீரென்று மெதுவாகிவிட்டது என்று பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனால், பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே ஹார்ட் டிஸ்க்கின் மேல் பழியைப் போட்டு, வேறொன்றைத் தலையில் கட்டிவிடும் வழக்கம் இருக்கிறது. எங்கள் சிறிய அச்சகத்துக்கு நேர்ந்ததை எழுதி வைத்தால், இதே நிலையில் இருக்கும் வேறு சிலருக்காவது பணமும் கோப்புகளும் மிஞ்சும் என்பதால் இதை எழுதுகிறேன். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. செய்த வேலையைச் சொன்னாலே போதும்.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரலில். இருந்தும் எங்களிடம் அதில் ஓடும் கணினி ஒன்று இருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்த அழைப்பிதழ்களும் கோயில் விழா நோட்டீசுகளும் அதில்தான் எழுத்து சிதறாமல் திறக்கின்றன. இணைய இணைப்பு அதற்குக் கிடையாது. அந்தக் கணினியில் 4 ஜிபி அளவுள்ள ஒரு ஃபோல்டரை நகலெடுக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகத் தொடங்கியது. நகல் ஓடும்போது மவுஸ் அம்புக்குறிகூட விட்டுவிட்டுத்தான் நகர்ந்தது. கடையில், “சார், ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு, மாத்தினாத்தான் சரியாகும்” என்றார்கள். புதிய ஐடிஇ டிஸ்க் (பட்டைக் கேபிளில் இணையும் பழைய வகை ஹார்ட் டிஸ்க்) என்று சொல்லி 80 ஜிபி டிஸ்க் ஒன்றைப் பொருத்தி, பழையதில் இருந்த அனைத்தையும் அப்படியே அதற்கு மாற்றிக் கொடுத்து, பழைய டிஸ்க்கை ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று வைத்துக்கொண்டார்கள். ரசீதில் ‘சர்வீஸ்’ என்ற ஒற்றைச் சொல்லும் மொத்தத் தொகையும் மட்டுமே இருந்தன.

கணினி சில வாரங்கள் நன்றாகவே ஓடியது. பிறகு அதே மந்தம் திரும்பியது. இம்முறை மதர்போர்டே போய்விட்டது, வேறு கணினி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். கல்லூரி ஆய்வகம் ஒன்றில் கணினிகளைப் பராமரித்த அனுபவம் உள்ள என் மைத்துனர் வந்து பார்த்தபோதுதான், டிஸ்க்கிலும் மதர்போர்டிலும் எந்தப் பழுதும் இல்லை என்பது தெரிந்தது.

கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், டிஸ்க் இணையும் வழியான ‘பிரைமரி ஐடிஇ சேனல்’ என்பதைத் திறந்து, ‘அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்’ பகுதியில் ‘கரண்ட் டிரான்ஸ்ஃபர் மோடு’ என்ற வரியைப் பார்த்தால் போதும். நல்ல நிலையில் உள்ள டிஸ்க்குக்கு அங்கே ‘அல்ட்ரா டிஎம்ஏ மோடு 5’ என்பது போல இருக்க வேண்டும். எங்களுடையதில் ‘பிஐஓ மோடு’ என்றிருந்தது. டிஎம்ஏ முறையில், ப்ராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தரவு நேரே நினைவகத்துக்குப் போகிறது. மோடு 5இன் உச்சவரம்பு நொடிக்கு 100 எம்பி. பிஐஓ முறையிலோ ஒவ்வொரு துணுக்கையும் ப்ராசஸரே எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. அதன் மிக உயர்ந்த நிலையான மோடு 4இலேயே கணக்குப்படி நொடிக்கு 16.7 எம்பிதான், எங்கள் கணினியில் 3 எம்பிதான் வந்தது. மவுஸ் திணறியதற்கும் இதுவே காரணம்.

கணினி தானாக அந்த நிலைக்கு ஏன் இறங்குகிறது என்பதைத்தான் கடைக்காரர்கள் மறைக்கிறார்கள், அல்லது அறியாதிருக்கிறார்கள்; பணம் கொடுப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். டிஸ்க்குடன் பேசும்போது தாமதப் பிழையோ, தரவு சிதைந்து வந்ததைக் காட்டும் சிஆர்சி பிழையோ மொத்தம் ஆறு சேர்ந்துவிட்டால், டிஸ்க்கை இயக்கும் எக்ஸ்பியின் ஐடிஇ டிரைவர் மென்பொருள் வேகத்தை ஒரு படி குறைக்கிறது. பிழைகள் தொடர்ந்தால் படிப்படியாக இறங்கிக் கடைசியில் பிஐஓவில் நிறுத்திவிடுகிறது. கணினியை அணைத்துப் போட்டாலும் அது மேலே ஏறாது, ஏனெனில் அந்த முடிவு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பதிந்திருக்கிறது. அந்தப் பதிவு குறிப்பிட்ட ஒரு டிஸ்க்கின் அடையாளத்தோடு சேர்ந்தது என்பதால், வேறு டிஸ்க்கை மாட்டியதும் எக்ஸ்பி மறுபடி உச்ச வேகத்திலிருந்து தொடங்குகிறது. கடைக்காரர் மாற்றிய டிஸ்க் சில வாரங்கள் வேகமாக ஓடியதன் இரகசியம் இவ்வளவுதான். பிழையை உண்டாக்கிய பொருள் பெட்டிக்குள் அப்படியே கிடந்தது.

அந்தப் பொருள் கேபிள். அல்ட்ரா டிஎம்ஏவில் நொடிக்கு 33 எம்பியைத் தாண்டிய வேகங்களுக்கு 80 கம்பிகள் கொண்ட பட்டைக் கேபிள் வேண்டும். அதன் நீல முனை மதர்போர்டிலும், கறுப்பு முனை மாஸ்டர் எனப்படும் முதல் டிஸ்க்கிலும், நடுவிலுள்ள சாம்பல் நிற முனை ஸ்லேவ் எனப்படும் இரண்டாவது கருவியிலும் செருக வேண்டும். எங்களுடையது 80 கம்பிக் கேபிள்தான். ஆனால் சிடி டிரைவுக்கு அடியில் மடிந்து நசுங்கி, ஒரு விளிம்பு கிழிந்திருந்தது. டிஸ்க்கைக் கழற்றி மாட்டியவர் அந்தக் கேபிளைக் கையால் தொடாமல் வேலை செய்திருக்க முடியாது.

சண்டை போட்டுத்தான் பழைய டிஸ்க்கைத் திரும்பப் பெற்றோம். வாடிக்கையாளர்களின் முகவரிகளும் தொலைபேசி எண்களும் உள்ள டிஸ்க்கை எவரும் எக்ஸ்சேஞ்ச் என்று விட்டுவரக் கூடாது. டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களை இரு டிஸ்க்குகளிலும் பார்த்தோம். பழையதில் 05, சி5 என்ற இரு வரிகளும், அதாவது பழுதாகி மாற்றி வைக்கப்பட்ட செக்டர்களும் (டிஸ்க் பரப்பின் சிறு பகுதிகள்) பழுதா என்ற தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்களும், சுழியமாக இருந்தன; சிஆர்சி பிழைகளைக் காட்டும் சி7 வரி மட்டும் ஏறியிருந்தது. குறை டிஸ்க்கின் பரப்பில் இல்லை, பாதையில் இருக்கிறது என்பதற்கு இது போதுமான சான்று. ‘புதிய’ டிஸ்க்கிலோ, ஓடிய மணிநேரத்தைச் சொல்லும் 09 வரி முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. மூன்றாண்டுகளுக்கு மேல் இரவுபகலாக எங்கோ உழைத்துவிட்டு வந்த டிஸ்க் அது. ஐடிஇ டிஸ்க்குகளின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், பிரிக்காத பழைய இருப்பாக இருந்தாலொழிய, ‘புதியது’ என்ற சொல்லை 09 வரியைப் பார்க்காமல் ஏற்கவே கூடாது.

நூறு ரூபாய்க்குள் ஒரு 80 கம்பிக் கேபிள் வாங்கி, பழைய டிஸ்க்கையே மறுபடி பொருத்தினோம். டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலை ‘அன்இன்ஸ்டால்’ செய்து, கணினியை மறுபடி தொடங்கினால் எக்ஸ்பி தானே அதைக் கண்டுபிடித்து மோடைப் புதிதாக முடிவு செய்யும். இன்னொரு முறை ரீஸ்டார்ட் கேட்டால் கொடுக்க வேண்டும். ‘டிஎம்ஏ இஃப் அவைலபிள்’ என்பதை மட்டும் தேர்ந்தெடுப்பதால் பெரும்பாலும் பயன் இல்லை, ஏனெனில் அது ஏற்கெனவே தேர்வாகித்தான் இருக்கும். கேபிளை மாற்றாமல் இதைச் செய்தால் சில நாளில் மறுபடி பிஐஓவுக்கே இறங்கும். சி5 வரியில் எண் இருந்தால் கதை வேறு. அப்போது டிஸ்க்கே தேய்கிறது, முதலில் கோப்புகளை வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஸ்மார்ட் விவரங்களை அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டியதும், டிஸ்க்கின் விலையை மட்டும் கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். சர்வீஸ் கட்டணம் வரவில்லை. அதே ஃபோல்டர் இப்போது இரண்டு நிமிடத்துக்குள் நகலாகிறது, சி7 எண் ஏறாமல் நிற்கிறது.