டர்போ கார்ட்ரிட்ஜை எங்கே வாங்குவது: காரைக்குடிப் பட்டறையிலிருந்து ஓர் ஒப்பீடு

எஞ்சினின் புகையால் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தரும் கருவிதான் டர்போ. காரைக்குடி வட்டாரத்தில் அது பழுதாகிப் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் மூன்று வகைப்படும். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் நாள் முழுவதும் ஆள் ஏற்றிச் செல்லும் டூரிஸ்ட் வேன்களும் டாக்சிகளும் முதல் வகை. செம்மண் தூசியிலேயே ஓடித் தேயும் டிப்பர்களும் சரக்கு வண்டிகளும் இரண்டாவது வகை. கல்யாண மண்டபங்களிலும், இப்போது விடுதிகளாகிவிட்ட பழைய நகரத்தார் வீடுகளிலும் நிற்கும் ஜெனரேட்டர்கள் மூன்றாவது வகை. இந்த மூன்றுக்கும் ஒரே இடத்தில் கார்ட்ரிட்ஜ் வாங்கலாம் என்று நினைப்பதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. எது எங்கே பொருந்தும் என்பதைப் பட்டறையில் நான் கண்ட அளவுக்கு இங்கே எடுத்துவைக்கிறேன்.

கார்ட்ரிட்ஜ் என்பது டர்போவின் நடுப்பகுதி. பட்டறைப் பேச்சில் இதைக் 'கோர்' என்போம். புகைபோக்கிப் பக்கம் சுழலும் டர்பைன் சக்கரம், காற்றுப் பக்கம் சுழலும் கம்ப்ரசர் சக்கரம், இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட், அதைத் தாங்கும் புஷ்கள், அது முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங், எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையங்கள் எல்லாம் இதற்குள் அடக்கம். வெளியில் இருக்கும் இரண்டு வார்ப்பிரும்பு, அலுமினிய ஓடுகள் விரிசல் இல்லாமல் நன்றாக இருந்தால், அவற்றை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் மாற்றிவிடலாம். செலவு குறையும் என்பதால்தான் எல்லோரும் கார்ட்ரிட்ஜைத் தேடுகிறார்கள்.

அந்த நடுப்பகுதியில்தான் டர்போவின் உயிர் இருக்கிறது. சிறிய கார் டீசல் எஞ்சின்களில் இந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,00,000 சுற்றைத் தாண்டும். மையத்திலிருந்து 10 மில்லிமீட்டர் தொலைவில் ஒரே ஒரு மில்லிகிராம் எடை கூடுதலாக இருந்தாலும், அந்த வேகத்தில் அது ஏறத்தாழ 450 கிராம் எடைக்குச் சமமான விசையுடன் ஷாஃப்டை ஒரு பக்கமாக இழுக்கும். புஷ்ஷுக்கும் ஷாஃப்டுக்கும் இடையில் இருப்பதோ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு தடிமனுள்ள எண்ணெய்ப் படலம். ஆகவே கார்ட்ரிட்ஜ் விற்பவரிடம் விலை கேட்பதற்கு முன்பு, இதை பேலன்ஸ் செய்தவர் யார், எந்த வேகத்தில் செய்தார், அதற்குத் தாள் இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். நல்ல கார்ட்ரிட்ஜில் உதிரிகளைத் தனித்தனியாக பேலன்ஸ் செய்த பிறகு, முழுவதும் கோத்த நிலையில் எண்ணெய் அழுத்தம் கொடுத்து, உயர் வேகத்தில் சுழற்றி, அதிர்வை அளந்து மறுபடியும் சரிசெய்திருப்பார்கள். கம்ப்ரசர் நட்டின் ஓரத்தில் இதற்காகச் சுரண்டிய சிறு வெட்டுகள் வழக்கமாகக் கண்ணுக்கே தெரியும்.

முதல் வழி, வண்டி நிறுவனத்தின் டீலர் மூலம் முழு டர்போவையே வாங்குவது. விலை மிக அதிகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் விஜிடி எனப்படும் மாறும் இறக்கை டர்போக்களுக்கு இதைவிட நம்பிக்கையான வழி எனக்குத் தெரியவில்லை. அவற்றில் டர்பைனைச் சுற்றி இருக்கும் சிறு இறக்கைகள் எவ்வளவு மூட வேண்டும் என்பதைத் தொழிற்சாலையிலேயே காற்றோட்டம் அளக்கும் இயந்திரத்தில் வைத்து ஒரு திருகால் நிர்ணயிக்கிறார்கள். கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றிவிட்டு அந்தத் திருகைக் கண் அளவில் வைத்தால், வண்டி கீழ் வேகத்தில் இழுக்காது, அல்லது அழுத்தம் மிஞ்சி எஞ்சின் விளக்கு எரிந்து பவர் குறைந்துவிடும். கார்ட்ரிட்ஜ் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடும் பலருக்கு உண்மையில் குறை இருப்பது இந்தத் திருகில்தான்.

இரண்டாவது வழி, டர்போ தயாரித்த நிறுவனமே முத்திரையிட்டு விற்கும் கார்ட்ரிட்ஜ். கேரட், போர்க்வார்னர், ஹோல்செட் ஆகிய பெயர்கள் நம் பக்கத்து வண்டிகளில் அடிக்கடி தென்படும். போர்க்வார்னர் கூட்டுள்ள டர்போ எனர்ஜி நிறுவனம் சென்னையிலேயே இருப்பதால், பல இந்திய வண்டிகளுக்கான டர்போ நமக்கு வெளிநாட்டுச் சரக்கும் அல்ல. எல்லா மாடலுக்கும் இப்படிக் கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்காது. கிடைக்கும் மாடலுக்கு, குறிப்பாக இறக்கை மாறாத சாதா டர்போவுக்கு, என் முதல் தேர்வு இதுவே. காரைக்குடியில் கையிருப்பு வைப்பவர்கள் குறைவு. மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், காலையில் போனில் சொன்னால் மாலைக்குள் பஸ் பார்சலில் வந்துவிடுவதும் உண்டு, சென்னையிலிருந்து வர வேண்டுமென்று மூன்று நாள் காத்திருப்பதும் உண்டு. முகூர்த்த மாதத்தில் வேன் மூன்று நாள் நிற்பது உரிமையாளருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை நான் அறிவேன். அந்த அவசரத்தில்தான் மூன்றாவது வழி நம்மை இழுக்கிறது.

மூன்றாவது வழி, பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்து பல பெயர்களில் விற்கும் மலிவுக் கார்ட்ரிட்ஜ்கள். இவை எல்லாமே மோசம் என்று சொல்வது நியாயமாகாது. பேலன்ஸ் தாளோடு, டர்போவின் பார்ட் நம்பரைப் பெட்டியிலும் உடலிலும் பொறித்து, ஓராண்டு பொறுப்பேற்று விற்பவர்களிடம் வாங்கியவை ஒழுங்காக ஓடியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரே கடையில், ஒரே பெட்டியில் வந்த இரண்டு கார்ட்ரிட்ஜ்களில் ஒன்று நன்றாகவும் மற்றொன்று கெட்டதாகவும் இருந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆத்தங்குடிக் கல்லில் ஒன்றுக்கொன்று நிறம் சற்று மாறினால் அது கையால் செய்ததன் அழகு. கார்ட்ரிட்ஜில் அந்த மாறுபாட்டுக்கு இடமே இல்லை. ஒருமுறை அவசரத்துக்காக இப்படிப்பட்ட ஒன்றை ஒரு வேனில் பொருத்திக் கொடுத்தேன். முதல் நாளே சைரன் போன்ற மெல்லிய ஊளை கேட்டது. ஒரு மாதத்துக்குள், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் எண்ணெய் நிறைந்து, நீலப் புகையோடு வண்டி திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தபோது கம்ப்ரசர் நட்டில் ஒரு வெட்டுக்கூட இல்லை. அதை பேலன்ஸ் செய்ததற்கான தடயம் எங்கும் காணவில்லை. இன்டர்கூலரில் தேங்கும் எண்ணெயையே எஞ்சின் எரிபொருளாக இழுத்துக்கொண்டு அடங்காமல் ஓடும் ஆபத்தும் இருந்ததால், அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது.

நான்காவது வழி கோயம்புத்தூர். பழைய கார்ட்ரிட்ஜைப் பிரித்து, கழுவி, ஷாஃப்டை அளந்து, புஷ், த்ரஸ்ட் பேரிங், வளையங்கள் மாற்றி, பேலன்ஸ் செய்து தரும் பட்டறைகள் அங்கே உண்டு. இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது, அவர்கள் உயர் வேகத்தில் கோத்த நிலையில் சோதிக்கிறார்களா, உதிரியாக மட்டும் பேலன்ஸ் செய்து அனுப்புகிறார்களா என்பதே. ஜெனரேட்டர், பழைய லாரி போன்றவற்றின் பெரிய டர்போவுக்கு இந்த வழி பொருத்தமானது. அவற்றின் வேகம் சிறிய காரினுடையதில் பாதி அளவுக்கே இருப்பதால், அதே ஒரு மில்லிகிராம் பிழை அதே தொலைவில் நாலில் ஒரு பங்கு விசையோடுதான் இழுக்கும். ஷாஃப்டும் தடிமனானது. மண்டபத்து ஜெனரேட்டர் எப்போதும் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் நிலையாக ஓடுவதால், டர்போவின் வேகமும் அடிக்கடி ஏறி இறங்குவதில்லை. இரண்டு வாரம் ஆனாலும், மாற்று ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம். ஆனால் டர்பைன் இறக்கை ஒன்றில் சிறு முறிவு இருந்தாலும், ஷாஃப்ட் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலும், அதை மறுபடியும் ஓட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. சுமை ஏறும்போது 700 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடிய புகையில் சுழலும் நிக்கல் கலவை அது. வெல்டு வைத்து ஒப்பேற்றும் பொருள் அல்ல.

காயலான் கடையில் கழற்றிய டர்போவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். சென்னைப் புதுப்பேட்டையில் எதுவும் கிடைக்கும் என்பது உண்மைதான். அங்கே வாங்கும் டர்போவில் ஓடுகளை மட்டும் நம்பலாம், உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜை நம்ப முடியாது. பழைய வீட்டுத் தேக்குத் தூணைத் தட்டிப் பார்த்தே பர்மா மரமா என்று சொல்லிவிடும் கைகள் நம் ஊரில் உண்டு. ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பார்த்து டர்போவின் மிச்ச ஆயுளைச் சொல்லும் கை எங்கும் இல்லை. எண்ணெய் இல்லாத நிலையில் பக்கவாட்டு ஆட்டம் புதிய டர்போவிலும் சற்றுத் தெரியும். முன்னும் பின்னும் ஆடும் ஆட்டத்தை, நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்து அளந்து, அது தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள், அதாவது பெரும்பாலும் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள், இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

எந்த வழியில் போனாலும் வண்டியின் பெயரைச் சொல்லி ஆர்டர் கொடுக்கக் கூடாது. மாருதியின் ஒரே 1.3 லிட்டர் டீசல் எஞ்சின், 75 பிஎஸ் திறனுள்ள ஸ்விஃப்டில் சாதா டர்போவோடும், 90 பிஎஸ் திறனுள்ள எர்டிகாவில் விஜிடியோடும் வந்தது. 2020-இல் அந்நிறுவனம் டீசலை நிறுத்திவிட்டதால் இவை இன்று வாரண்டி கடந்த வண்டிகள், டாக்சியாகவும் நிறைய ஓடுகின்றன. கார்ட்ரிட்ஜ் கேட்டு அதிகம் வருபவையும் இவைதாம். டர்போவின் மேல் அடித்திருக்கும் பார்ட் நம்பரைத் துடைத்து, படமெடுத்து அனுப்பி, கடைக்காரர் அதே நம்பரைத் திருப்பி எழுதிய பிறகே பணம் அனுப்புவது என் வழக்கம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. முத்திரையிட்ட நல்ல கார்ட்ரிட்ஜையே நான் ஒருமுறை பத்து நாளில் இழந்திருக்கிறேன். கருகிய கரி அடைத்திருந்த எண்ணெய்க் குழாயை மாற்றாமல் ஊதி மட்டும் விட்டேன். குறை கார்ட்ரிட்ஜில் இல்லை, என் வேலையில் இருந்தது. டர்போ தானாகக் கெடுவது அரிது. எண்ணெய் வராததாலோ, அழுக்கு எண்ணெயாலோ, ஏர் ஃபில்டரைத் தாண்டி நுழைந்த தூசியாலோ, ஓடிய சூட்டிலேயே எஞ்சினை அணைப்பதாலோதான் கெடுகிறது. மின்சாரம் வந்த மறுநொடி மண்டபத்து ஜெனரேட்டரை அணைத்துவிடும் பழக்கம் இந்தக் கடைசி வகை. சுமையை எடுத்துவிட்டு மூன்று நான்கு நிமிடம் வெறுமனே ஓடவிட்டால் புஷ்ஷில் எண்ணெய் கருகாது.

இப்போது விஜிடி வண்டி வந்தால் முழு டர்போவுக்கே விலை சொல்கிறேன். உரிமையாளரால் முடியாவிட்டால், காற்றோட்ட இயந்திரம் வைத்திருக்கும் பட்டறைக்கு டர்போவை முழுதாக அனுப்பி, அங்கேயே கார்ட்ரிட்ஜ் மாற்றி அளவு வைத்துத் தரச் சொல்கிறேன். சாதா டர்போவுக்கு முத்திரைக் கார்ட்ரிட்ஜ், ஜெனரேட்டருக்குக் கோயம்புத்தூர். மலிவுச் சரக்கு, தாளும் பொறுப்பும் இருந்தால் மட்டும், அதுவும் விற்கப்போகும் பழைய சரக்கு வண்டிக்கு, உரிமையாளரிடம் நிலைமையை விளக்கிச் சொல்லிய பிறகு. எல்லாவற்றுக்கும் புது எண்ணெய்க் குழாய், புது எண்ணெய், புது ஃபில்டர், கழுவிய இன்டர்கூலர் ஆகியவற்றையும் அதே பில்லில் எழுதுகிறேன். பொருத்திய பின் கார்ட்ரிட்ஜின் எண்ணெய்த் துளையில் சுத்தமான எண்ணெய் ஊற்றி, எஞ்சின் பற்றாமல் சில முறை சுழற்றி, அழுத்தம் ஏறியதைப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்கிறேன். பழைய கார்ட்ரிட்ஜை உரிமையாளர் கண்ணெதிரே பிரித்து, அது எதனால் போனது என்பதைக் காட்டிவிட்டுத்தான் வண்டியை வெளியே விடுகிறேன்.