தவறு என்று தெரிந்த பிறகு

அறிவியல், மதம், தேசியவாதம் மூன்றையும் நம்பிக்கை அமைப்புகள் என்று சமூகவியலில் ஒரே வரிசையில் வைத்துப் படிக்கிறோம். சரி, வைக்கலாம். ஆனால் எதிரான சான்று வந்து நிற்கும்போது எது என்ன செய்கிறது என்று பார்த்தால், மூன்றும் ஒன்றல்ல என்பது தெரிகிறது.

மத்திய ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றி மானிடவியலாளர் எவான்ஸ் பிரிட்சார்ட் 1937இல் எழுதினார். சூனியக்காரர் யார் என்று அறிய, கோழிக்கு விஷம் கொடுத்துக் கேட்பார்கள். அது செத்தால் ஒரு பதில், பிழைத்தால் வேறு பதில். அதோடு விடாமல், கேள்வியைத் திருப்பிப் போட்டு இன்னொரு கோழியிலும் சரிபார்ப்பார்கள். இரண்டும் முரண்பட்டால் விஷம் கெட்டுவிட்டது, யாரோ சடங்கு விலக்கை மீறிவிட்டார் என்று காரணம் சொல்வார்கள். குறி கேட்கும் முறை மட்டும் அப்படியே நிற்கும்.

அறிவியலும் இதைச் செய்யும். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் சொன்ன ஆல்ஃபிரட் வேகனரை, வானிலை ஆய்வாளர்தானே என்று பல நிலவியலாளர்கள் ஒதுக்கினார்கள். (எது நகர்த்துகிறது என்று அவரால் விளக்க முடியவில்லை, அந்த ஆட்சேபம் நியாயமானது.) 1930இல் கிரீன்லாந்தில் அவர் இறந்தார். 1960களில் கடலடிப் பாறைகளின் காந்தப் பதிவுகள் கிடைத்ததும் அதே துறை தன் பாடநூல்களை மாற்றிக்கொண்டது. அரை நூற்றாண்டுத் தாமதம் வருத்தம் தருகிறது. ஆனாலும் மாறியது.

மூன்றில் என்னை அதிகம் பயமுறுத்துவது தேசியவாதம்தான். 1894இல் பிரான்சின் யூத ராணுவ அதிகாரி ட்ரைஃபஸ், ஜெர்மனிக்கு உளவு சொன்னதாக ஆயுள் தண்டனை பெற்றார். உண்மையான குற்றவாளியை 1896இல் கண்டுபிடித்த பிக்கார் என்ற அதிகாரியைத் துனீசியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ட்ரைஃபஸுக்கு எதிரான ஓர் ஆவணத்தைத் தானே போலியாகத் தயாரித்ததாக 1898இல் ஆன்றி என்ற அதிகாரி ஒப்புக்கொண்டு, தற்கொலை செய்துகொண்டார். அப்புறமும் ஆயிரக்கணக்கானோர் ஆன்றியின் மனைவிக்காகப் பணம் கொடுத்தார்கள். அந்தப் போலி ஆவணமே தேசபக்தி என்று வாதிட்டவர்கள் உண்டு. 1899இல் மறுவிசாரணையிலும் ட்ரைஃபஸ் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது. அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது 1906இல்தான். அசாண்டேயரிடம் இரண்டாவது சோதனைக்கு இடமிருந்தது. பிரான்சில் அதைக் கேட்டவர்கள் துரோகிகள் என்று ஏசப்பட்டார்கள்.

மதத்தில் மக்கள் வணங்குவது தங்கள் சமூகத்தையே என்று 1912இல் எழுதிய பிரெஞ்சு சமூகவியலாளர் துர்க்கைம், ட்ரைஃபஸ் பக்கம் நின்றவர். 1898இல் அவர் எழுதிய கட்டுரை வழக்கின் சான்றுகளுக்குள் போகவில்லை. தனிமனிதரின் உரிமையும் புனிதமானது, பிரான்சை ஒன்றாக வைத்திருக்கும் பொது நம்பிக்கையே அதுதான் என்று வாதிட்டார்.