எண் போட்டுக் கீழே விளக்கமா, படத்திலேயே விளக்கமா?

கட்டுமானத் தளத்தில் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்குக்கு, அதாவது வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்துக்கு, தமிழில் விளக்கத் தாள் தயாரிப்பது என் வேலைகளில் ஒன்று. ஹார்னஸ் (உயரத்தில் விழுந்தால் தாங்க உடம்பில் அணியும் வார்க்கட்டு) மாட்டும் முறைக்கு இரண்டு விதமாகவும் செய்து பார்த்துவிட்டேன்.

முதல் விதத்தில் படத்தில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும், விளக்கம் கீழே பட்டியலாக வரும். பார்க்கச் சுத்தமாக இருக்கும். வங்காளத் தொழிலாளர்களுக்கும் அதே படத்தை வைத்துப் பட்டியலை மட்டும் மாற்றினால் போதும், அந்த வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் படிப்பவர் கீழே போய் 4 என்ன என்று பார்த்து, அதை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி மேலே வந்து 4 எங்கே என்று தேட வேண்டும். விடியுமுன் எழுந்து லாரியில் வந்து இறங்கிய மனிதருக்கு இந்த அலைச்சல் எதற்கு?

இரண்டாவது விதத்தில் பாதுகாப்புக் கயிறு இணையும் உலோக வளையமான முதுகுப் பக்க டி-ரிங்குக்கு அருகிலேயே "இரு தோளுக்கும் நடுவில் இருக்கணும்" என்று எழுதிவிடுகிறேன். சொல்லும் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நன்றாகப் புரிகிறது என்று ரிச்சர்ட் மேயர் போன்ற கல்வி உளவியலாளர்கள் சோதனை செய்தே காட்டியிருக்கிறார்கள். என் ஓட்டு இதற்குத்தான்.

இதிலும் சிக்கல் உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளம், படத்துக்குள் அடங்காது. உடனே எழுத்தைச் சிறிதாக்கி வரிகளை நெருக்கிவிடுகிறோம், மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் 'கீ' மேல் இடித்து இரண்டுமே கலங்கிப்போகும். அதற்குப் பதில் வாக்கியத்தை வெட்டுங்கள், அப்படியும் இடம் போதாவிட்டால் இரண்டு தாளாகப் பிரியுங்கள்.

புகைப்படமா கோட்டுப்படமா என்றால், மாட்டும் முறைக்குக் கோட்டுப்படம்தான், ஏனென்றால் புகைப்படத்தில் சட்டை மடிப்பும் பின்னால் இருக்கும் சாரமும் வாரை மறைத்துவிடும். அந்தக் கயிற்றின் ஹூக்கை எங்கே மாட்டுவது என்று காட்ட மட்டும் நம் தளத்தின் புகைப்படமே சரி, அந்த இடத்தை அவர் நேரில் அடையாளம் காண வேண்டும் இல்லையா. நிறத்தில் புதுமை வேண்டாம். கட்டாயத்துக்கு நீலம், தடைக்குச் சிவப்பு, எச்சரிக்கைக்கு மஞ்சள் என்று தளத்துப் பலகைகளில் பழகியதையே வையுங்கள்.

அப்புறம் இன்னொன்று, 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலைக்கு பெர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு) வேண்டும் என்ற சிங்கப்பூர் விதியையும் இதே தாளில் திணிக்கச் சொல்வார்கள். முக்கியமான விதிதான், ஆனால் பெர்மிட் வாங்குவது சூப்பர்வைசர் பொறுப்பு, வார் மாட்டிக்கொண்டிருப்பவரின் கண்ணை அது இழுக்கக் கூடாது. அதற்குத் தனித்தாள் போடுங்கள்.

எந்த விதத்தில் செய்தாலும், அச்சடிக்கும் முன் ஒரு தொழிலாளரிடம் தாளைக் கொடுத்து, வாயே திறக்காமல், அவர் ஹார்னஸ் மாட்டுவதைப் பாருங்கள். கை தயங்கும் இடத்தில் இன்னொரு அம்புக்குறி வேண்டும்.