கிளிநொச்சியில் கிடைக்கும் மூன்று வகைக் கொக்கோ: சொக்லேட் பிஸ்கட் புடிங் செய்வோருக்கான ஒரு மதிப்பீடு

வன்னியில் பிறந்தநாளோ, சாமத்தியச் சடங்கோ, பாடசாலைப் பிரிவுபசாரமோ, விருந்தின் முடிவில் கிண்ணத்தில் வருவது பெரும்பாலும் சொக்லேட் பிஸ்கட் புடிங்தான். அதற்கு அவண் அடுப்பு வேண்டாம். மாரி பிஸ்கட், பட்டர், ஐசிங் சீனி, பால், கொக்கோ ஆகிய ஐந்தும் இருந்தால் எந்த வீட்டிலும் செய்துவிடலாம். இவற்றுள் நான்கின் தரம் சற்றுக் குறைந்தாலும் புடிங் தப்பிவிடும், ஆனால் கொக்கோ சரியில்லாவிட்டால் எஞ்சுவது இனிப்பான நனைந்த பிஸ்கட் மட்டுமே. ஆகையால் கொக்கோவின் விலை ஏறியதிலிருந்து நமது கடைகளில் என்னென்ன கிடைக்கின்றன, அவற்றுள் எது கொடுத்த காசுக்குப் பெறுமதியானது என்பதை ஆராய்ந்து எழுதுவது ஓடருக்குப் புடிங் செய்து கொடுக்கும் பெண்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

விலை ஏறியதற்குக் கடைக்காரரைக் குறைகூற முடியாது. உலகக் கொக்கோவில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே 2023 இல் பெய்த கடும் மழையினால் காய்களைக் கறுக்கச் செய்யும் பூஞ்சண நோய் பரவியது; மாவுப்பூச்சிகள் காவும் தண்டு வீக்க வைரசும் தோட்டங்களை அரித்துக்கொண்டிருந்தது. காலபோகத்தில் நெல் அழிந்தால் சிறுபோகத்தில் மீண்டும் விதைக்கலாம் என்று நமது விவசாயி மனதைத் தேற்றிக்கொள்வார். கொக்கோவுக்கு அந்த வழி இல்லை, ஏனெனில் வைரஸ் பிடித்த மரத்துக்கு மருந்து கிடையாது, அதைத் தறித்து அகற்றவேண்டும், புதிதாக நட்ட கன்று காய்க்க மூன்று தொடக்கம் ஐந்து ஆண்டுகள் செல்லும். பல ஆண்டுகளாகத் தொன்னுக்கு 2,000 இற்கும் 3,000 இற்கும் இடைப்பட்ட டொலரில் நின்ற விலை 2024 மார்ச்சில் நியூயோர்க் சந்தையில் 10,000 டொலரைத் தாண்டி, அதே ஆண்டு டிசம்பரில் 12,000 இற்கும் மேலே சென்றது. 2025 இல் அது பெருமளவு இறங்கியபோதும், விலை கூடிய காலத்தில் கொள்வனவு செய்த சரக்கு முடியும்வரை அந்த இறக்கம் சில்லறைக் கடைக்கு வந்து சேர்வதில்லை. இலங்கையில் மாத்தளை, கண்டி, குருணாகல் பக்கங்களில் கொக்கோ விளைகிறது என்றாலும் அந்த அளவு சிறியது. ஆண்டின் பெரும்பகுதி மழையைக் காணாத நமது மண்ணில் அது வளரவும் மாட்டாது.

முதலாவது, இறக்குமதியாகும் ரின் கொக்கோ. இதன் நிறம் சீராக இருக்கும், உட்பொருள்கள் அச்சிடப்பட்டிருக்கும், காலாவதித் திகதியும் உண்டு. வாங்கும்போது கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: அதே தட்டில், அதே அளவு ரின்னில், குடிப்பதற்கான சொக்லேட் தூளும் வைக்கப்பட்டிருக்கும். உட்பொருள் பட்டியலில் சீனி முதலாவதாக இருந்தால் அது பாலில் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு உரியது, புடிங்குக்கு உதவாது. ரின் கொக்கோவின் தரத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒரு பெரிய தட்டுப் புடிங்குக்குக் கிட்டத்தட்ட ஒரு சிறிய ரின் முழுவதும் முடிந்துவிடுவதால், ஓடர் எடுப்பவருக்கு மிஞ்சும் இலாபத்தின் நல்ல பங்கை அதுவே விழுங்கிவிடுகிறது.

இரண்டாவது, கேக் பொருள்கள் விற்கும் கடைகளில் பெரிய மூடையிலிருந்து நிறுத்துப் பொலித்தீன் பையில் கட்டித் தரும் உதிரிக் கொக்கோ. இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியதே இதுதான். கடையில் பொதுவாக இரண்டு நிறங்களில் இருக்கும். ஒன்று செம்மண் கலந்த கபில நிறம், மற்றது கரி போன்ற கருமை. "அக்கா, கறுப்பைக் கொண்டு போங்கோ, அதுதான் கடுமையானது" என்று கடைத்தம்பி சொல்வார், நம்மில் பலரும் அதையே நம்பி வாங்குகிறோம். உண்மையில் அந்தக் கருமை காரம், அதாவது புளிப்பை முறிக்கும் அல்கலி, சேர்த்துப் பதப்படுத்துவதால் வருவது. ஒல்லாந்தரான வான் ஹூட்டன் 19 ஆம் நூற்றாண்டில் புகுத்திய அந்த முறை கொக்கோவின் புளிப்பைத் தணித்து நிறத்தைக் கூட்டுமே தவிர, கொக்கோவின் அளவைக் கூட்டுவதில்லை. புடிங்கில் கருமையான வகை பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் வாசமும் இலேசான புளிப்பும் கபில நிற வகையில்தான் நிற்கின்றன. அப்பச்சோடா சேர்க்கும் கேக்குக்கும் கபில நிறமே பொருந்தும், ஏனெனில் சோடா வேலை செய்வதற்கு அந்தப் புளிப்பு வேண்டும். நான் இரண்டையும் சரிபாதியாகக் கலந்து புடிங் செய்கிறேன். நிறமும் கிடைக்கிறது, சுவையும் கெடவில்லை.

உதிரிக் கொக்கோவை வாங்கியவுடன் வீட்டில் பரிசோதிக்க ஓர் எளிய வழி உண்டு. வெள்ளைக் கோப்பை ஒன்றில் ஒரு தேக்கரண்டி தூளைப் போட்டு, கொதிக்கும் நீரைச் சிறிது சிறிதாக விட்டுக் குழைத்துப் பாருங்கள். நல்ல கொக்கோ முதலில் நீரை ஏற்க மறுத்து மேலே மிதக்கும், பிறகு மினுமினுப்பான கூழாக மாறும், அப்போது எழும் வாசம் அடுக்களை முழுவதும் பரவும். வாசம் எழாமல் வெண்மை கலந்த பசையாக இறுகினால் அதில் மா கலந்திருக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. விரல்களுக்கிடையே தேய்த்தாலும் வேறுபாடு தெரியும். சாதாரணக் கொக்கோத் தூளில் 10 முதல் 12 சதவீதம்வரை கொழுப்பு இருப்பதால், நல்ல தூள் பட்டுப்போல் வழுக்கி விரலில் மெல்லிய பளபளப்பை விட்டுச் செல்லும். நான் வாங்கியவற்றுள் பெரும்பாலான பொதிகள் இந்தச் சோதனையில் தேறின. ஒரு பொதியில் மட்டும் மிளகாய்த்தூளின் நெடி ஏறியிருந்தது, அது கொக்கோவின் குற்றமன்று. கொழுப்புள்ள பொருள் அயலிலுள்ள வாசத்தை இழுத்துக்கொள்ளும் என்பதை அறியாமல் சரக்குத்தூள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தவரின் கவனக்குறைவு.

மூன்றாவது, கொம்பவுண்ட் எனப்படும் சொக்லேட் கட்டி. உண்மையான சொக்லேட்டில் இருக்கவேண்டிய கொக்கோ பட்டருக்குப் பதிலாக இதில் பாம் விதை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்புச் சேர்க்கப்படுகிறது. கொக்கோ பட்டர் ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகிவிடும், சித்திரை வெயிலில் நமது வீட்டுக்குள்ளேயே அந்தச் சூடு உண்டு. எனவே வெளியில் வைத்தாலும் வடிவம் குலையாத கொம்பவுண்ட் இங்கே செல்வாக்குப் பெற்றதில் வியப்பில்லை. மேலே துருவித் தூவவும் கேக்கில் பூ வேலை செய்யவும் அது உதவும். ஆனால் அதை உருக்கிப் புடிங்கின் உள்ளடக்கமாக ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். நாவில் மெழுகுபோல் ஒரு படலம் ஒட்டிக்கொள்கிறது, கொக்கோவின் கசப்பு எங்கேயும் தலைகாட்டுவதில்லை. விலை ஏறிய பின்னர் விருந்துகளில் கிடைக்கும் புடிங் பல இப்படித்தான் ஆகிவிட்டன என்பது எனக்கு உண்மையான கவலை. தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கொக்கோவைக் கைவிடத் தேவையில்லை, குறைந்த கொக்கோவிலிருந்து முழுச் சுவையையும் எடுக்கத் தெரிந்தால் போதும்.

அதற்கான வழி இது. 200 கிராம் மாரி பிஸ்கட்டுக்கு 125 கிராம் பட்டர், 100 கிராம் ஐசிங் சீனி, 40 கிராம் கொக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் பனங்கட்டியை நான்கு மேசைக்கரண்டி கொதிநீரில் கரைத்து வடித்து, அந்தச் சூடு ஆறுமுன் கொக்கோவையும் ஒரு சிட்டிகை உப்பையும் அரைத் தேக்கரண்டி கோப்பித்தூளையும் அதில் குழைத்து மூடிவையுங்கள். தூளை நேரடியாகப் பட்டரில் கொட்டுவதைவிட இப்படிச் சூட்டில் ஊறவிட்டால் வாசம் முழுமையாக வெளிப்படும். வழமையாக நான் போட்டுவந்த அளவில் ஏறத்தாழக் கால் பங்கைக் குறைத்தும் எவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. பனங்கட்டியின் அடர்ந்த இனிப்பு கொக்கோவின் கசப்பை அமுக்காமல் தாங்கி நிற்கிறது. கூழ் நன்றாக ஆறிய பின்னரே அடித்த பட்டரிலும் சீனியிலும் சேர்க்கவேண்டும், அவசரப்பட்டால் பட்டர் உருகிப் பிரிந்துவிடும். பிஸ்கட்டை நனைப்பதற்குக் காய்ச்சி ஆறிய எருமைப்பாலைப் பயன்படுத்துங்கள். பசுப்பாலைவிடக் கொழுப்புக் கூடிய அந்தப் பால், பக்கத்து வீட்டிலேயே கிடைக்கும் நிலையில், வாங்கிய சொக்லேட் எதனாலும் தரமுடியாத செழுமையைப் புடிங்குக்குத் தருகிறது. போட்டவுடன் எடுத்துவிடவேண்டும், ஊறவிட்டால் அடுக்கு நிற்காது. நனைத்த பிஸ்கட்டையும் கொக்கோக் கலவையையும் மாறிமாறி அடுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மணித்தியாலம் வைத்தால் போதும், ஓர் இரவு முழுவதும் வைத்தால் இன்னும் நன்று.

இந்த முறையில் செய்யும்போது உதிரிக் கொக்கோவுக்கும் ரின் கொக்கோவுக்கும் இடையில் சுவையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே வீட்டுத் தேவைக்கு உதிரிக் கொக்கோவையே பரிந்துரைக்கிறேன். பெரிய ஓடர்களுக்கு இப்போதும் ரின்னையே வாங்குகிறேன், காரணம் சுவையன்று. உதிரிப் பொதியில் மூடை உடைத்த நாளோ, காலாவதித் திகதியோ, காரம் சேர்த்ததா இல்லையா என்ற விபரமோ இருப்பதில்லை. நூறு பேர் உண்ணும் பொருளுக்கு நான் பொறுப்பேற்கும்போது அந்த விபரம் எனக்குத் தேவை. மூடையின் மேலேயே இவை அச்சிடப்பட்டிருக்கும், அதைப் பார்த்து ஒரு சிறு துண்டில் எழுதிப் பொதியில் ஒட்டுவதற்குக் கடைக்காரருக்குச் சில நிமிடங்களே செல்லும். அப்படி ஒட்டித் தரும் கடை எதுவோ அங்கேயே எனது ஓடர்களுக்கான முழுக் கொக்கோவையும் வாங்க ஆயத்தமாக இருக்கிறேன்.