உப்புநீரா, சிலிகானா, சொந்தக் கொழுப்பா? 20 வருடம் கழித்துப் பார்த்தால்

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை விளம்பரங்களில் 'முன், பின்' என்று இரண்டு படம் போடுவார்கள். அந்தப் 'பின்' பெரும்பாலும் சில மாதங்களிலேயே எடுத்ததாக இருக்கும். வீக்கம் வடிந்திருக்கும், தோல் இன்னும் இறுக்கமாக இருக்கும், தழும்பும் மங்கத் தொடங்கியிருக்கும். அந்தக் கட்டத்தில் எந்த முறையும் நன்றாகத்தான் தெரியும். கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக் குடித்தனத்தை எடைபோடுகிற கதை.

அதனால் எது அழகு என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிடுகிறேன். இன்று இருக்கிற முக்கியமான வழிகள் மூன்று: உப்புநீர் நிரப்பிய பை, சிலிகான் ஜெல் பை, சொந்தக் கொழுப்பு. எதுவும் போட்டபடியே இருக்கப்போவதில்லை. எது எப்படிக் கெடும், கெட்டால் நமக்கு எப்படித் தெரியவரும் என்ற இரண்டை வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

உலகில் முதன்முதலாகச் சிலிகான் பை பொருத்திக்கொண்டவர் டிம்மி ஜீன் லிண்ட்சே. 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், தாமஸ் க்ரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரண்டு மருத்துவர்கள் செய்த அறுவை சிகிச்சை அது. அவர் போனது மார்பில் குத்தியிருந்த பச்சையை எடுக்க. இதையும் செய்துகொள்கிறீர்களா என்று மருத்துவர்கள்தான் கேட்டார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் காதைச் சரிசெய்து தருவதானால் சரி என்றார் அவர். ஐம்பது வருடம் கழித்தும் அதே பைகளோடுதான் இருந்தார். 2012 வாக்கில் கொடுத்த பேட்டிகளில் அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. அவை அப்படியே நிமிர்ந்து நிற்கும் என்று நினைத்தாராம். மற்றவர்களுக்குச் சரிவதுபோல அவருக்கும் சரிந்துவிட்டது.

ஐம்பது வருடம் தாங்கியது என்பதும் உண்மை, சரிந்தது என்பதும் உண்மை. ஆனால் எல்லோருக்கும் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. அழகுக்காகப் பை பொருத்திக்கொண்டவர்களில் 5 பேரில் ஒருவர் வரை 10 ஆண்டுக்குள் அதை எடுக்க நேர்கிறது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011-இல் சொன்னது. 'பத்து வருடத்தில் கட்டாயம் மாற்றணும்' என்று பலர் சொல்வது இதன் திரிந்த வடிவம் என்று நினைக்கிறேன். அப்படி ஒரு காலாவதித் தேதி கிடையாது. ஆயுள் முழுக்க வரும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

சைக்கிள் டியூபும் ஊமைக் காயமும்

உப்புநீர்ப் பையில் வெளி உறை சிலிகான்தான், உள்ளே இருப்பது மருத்துவமனையில் ஏற்றுகிற அதே சலைன். காலிப் பையைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு அப்புறம் நிரப்புவதால் சின்னக் கீறல் போதும். கெடும்போது சைக்கிள் டியூப் பஞ்சரானதுபோல இறங்கிவிடும். சில மணி நேரமோ சில நாளோ, ஒரு பக்கம் சப்பிப்போயிருப்பதைக் கண்ணாடி பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். கசிந்த நீரை உடம்பு உறிஞ்சிச் சிறுநீராக வெளியேற்றிவிடும், அதனால் தீங்கில்லை. ஆனால் ஒரே பக்கம் சப்பிப்போனபடி அலுவலகம் போவது சங்கடம்தான். மாற்றுவதை ரொம்பத் தள்ளிப்போடவும் முடியாது, பை இருந்த இடம் உள்ளே சுருங்கிவிடும்.

உடையாவிட்டாலும் உப்புநீருக்கு வேறொரு குறை உண்டு. ஒல்லியான உடம்பில், வயதாகித் தோல் மெலிய மெலிய, பையின் மடிப்புகள் ஓரத்தில் அலையலையாகத் தெரியத் தொடங்கும். தொட்டாலும் தட்டுப்படும். முதல் வருடப் படத்தில் இது அவ்வளவாகத் தெரியாது.

சிலிகான் இதற்கு நேர் எதிர். தொட்டுப் பார்த்தால் இயற்கையாக இருக்கிறது என்று பெரும்பாலோர் இதைத்தான் விரும்புகிறார்கள். சிக்கல் கிழியும்போதுதான். உறை கிழிந்தாலும் ஜெல் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். பையைச் சுற்றி உடம்பு தானாகவே ஒரு நார்த்திசு உறையைக் கட்டிக்கொள்வதால் அது ஜெல்லைப் பிடித்து வைத்திருக்கும். வடிவம் மாறாது, வலி இருக்காது. மருத்துவர் அமுக்கிப் பார்த்தாலும் தெரியாமல் போகலாம். இப்படி ஊமையாகவே வருடக்கணக்கில் கிடந்தவை உண்டு. சிலருக்கு ஜெல் அந்த நார் உறையையும் தாண்டி அக்குள் நிணநீர்க் கணுக்கள் வரை போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன்தான் வழி. பை வைத்த 5 அல்லது 6 ஆண்டில் முதல் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட், அதன்பின் 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-இல் பரிந்துரைத்தது. 25 வயதில் பொருத்திக்கொண்ட ஒரு பெண் 75 வயது வரை இதைப் பின்பற்றினால் குறைந்தது 15 ஸ்கேன் ஆகிறது. கட்டணம் சொல்லும்போது இந்தக் கணக்கையும் யாராவது சேர்த்துச் சொல்கிறார்களா? அழகு சிகிச்சைக்குக் காப்பீடும் பொதுவாக வராது.

இப்போது வரும் கெட்டியான ஜெல் பைகளை வெட்டினாலும் கடல்பாசித் துண்டு மாதிரி அந்த வடிவிலேயே நிற்கும், பழைய ஜெல்போல ஒழுகாது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் கிழிந்தது தெரியாமல் இருப்பதற்கும் அதே கெட்டித்தனம் உதவுகிறது.

அமெரிக்காவில் 1992-இல் பாதுகாப்புக் கேள்விகள் கிளம்பி, அழகுக்காகச் சிலிகான் ஜெல் வைப்பது கிட்டத்தட்ட நின்றுபோனது. வழக்குகள் குவிந்து, முதல் பையைச் செய்த டௌ கார்னிங் 1995-இல் திவால் மனு போட்டது. 2006-இல் திரும்ப அனுமதி வரும்வரை அங்கே உப்புநீர்தான் ராஜா. அனுமதி வந்ததும் சந்தை மறுபடி ஜெல் பக்கம் சாய்ந்தது. கெட்டது உடனே தெரிந்துவிடும் என்ற வசதியைவிடத் தொடும்போது இருக்கும் மென்மைதான் விலைபோனது. என்னைக் கேட்டால், ஒழுங்காக ஸ்கேனுக்குப் போகிற பழக்கம் இல்லாதவருக்கு உப்புநீரே மேல். இந்தக் கருத்தோடு உடன்படாத மருத்துவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

நார் உறை என்று சொன்னேனே, பை எதுவானாலும் அதைச் சுற்றி அது வரத்தான் செய்யும். பலருக்கு மெல்லியதாக அப்படியே இருந்துவிடும். சிலருக்கு மட்டும் அது தடித்துச் சுருங்கிப் பையை நெரிக்கும். மார்பு கல்லுபோலாகும், மேலே ஏறும், கடைசிக் கட்டத்தில் வலிக்கும். இதை பேக்கர் அளவுகோல் என்று 4 படிகளாகப் பிரிக்கிறார்கள். மறுபடி அறுவை மேசைக்குப் போக வைக்கும் முக்கியக் காரணங்களில் இது ஒன்று. பையின் மேல் ஒட்டிய கிருமிப் படலமும், உள்ளே தேங்கிய ரத்தமும் இதற்குக் காரணமாகலாம்.

வழவழப்பா, சொரசொரப்பா

இந்தச் சுருக்கத்தைக் குறைக்கத்தான் பையின் மேற்பரப்பைச் சொரசொரப்பாகச் செய்தார்கள். திசு அதில் ஒட்டிக்கொள்ளும், நார்கள் ஒரே சீராக அடுக்கி நெரிக்காது, பையும் இடம் மாறிச் சுழலாது என்பது கணக்கு. கண்ணீர்த்துளி வடிவப் பைக்கு இது அவசியமாகவும் இருந்தது. வட்டப் பை சுழன்றால் தெரியாது, துளி வடிவம் சுழன்றால் அசிங்கமாகிவிடும்.

கணக்கு ஓரளவு பலித்தது. ஆனால் பல வருடம் கழித்து இன்னொரு கணக்கு வந்து சேர்ந்தது. சொரசொரப்பான பை வைத்த சிலருக்கு அந்த நார் உறையிலேயே ஒரு வகை லிம்போமா வந்தது. இது மார்பகப் புற்றுநோய் இல்லை, நோய் எதிர்ப்பு அணுக்களில் வரும் புற்று. 2011-இல் முதல் எச்சரிக்கை வந்தது. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் சொரசொரப்புப் பைகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. அப்போது கணக்கில் இருந்தவை உலக அளவில் 573 நோயாளிகள், 33 மரணங்கள். பை வைத்தவர்களின் மொத்த எண்ணிக்கையோடு பார்த்தால் இது மிகவும் அரிது. சீக்கிரம் கண்டுபிடித்துப் பையையும் உறையையும் முழுதாக எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். அறிகுறியைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது: பல வருடம் சும்மா இருந்த மார்பு ஒரு பக்கம் திடீரென்று நீர்கோத்து வீங்குவது.

இன்று பொருத்திக்கொள்கிறவருக்கு இந்தப் போட்டியில் நான் தயங்காமல் வழவழப்புக்குத்தான் ஓட்டுப்போடுவேன். கல்லாகிப்போன பையை மாற்றிக்கொள்ளலாம், லிம்போமாவில் உயிரே போகலாம்.

பையை வைப்பது மார்புத் தசைக்கு மேலா, கீழா என்பது இன்னொரு பழைய சண்டை. கீழே வைத்தால் மேற்பகுதியில் பையின் விளிம்பு தெரியாது, உறை சுருங்குவதும் குறைவு, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் சற்றுச் சுலபம். ஆனால் கையை அழுத்தித் தள்ளும்போது மார்பு துள்ளி நகரும், உடற்பயிற்சி செய்பவர்களுக்கு இது எரிச்சல். வயதானபின் வேறொன்றும் நடக்கலாம். பையைத் தசை மேலேயே பிடித்துக்கொண்டிருக்க, சொந்த மார்பகம் மட்டும் அதன் முன்னால் வழிந்து இறங்கும். மேலே வைத்தால் இரண்டும் சேர்ந்தே சரியும். சரிவதே இல்லாத வழி எதுவும் இல்லை. இதில் அளவும் முக்கியம். 400 மில்லி பை என்றால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 400 கிராம் எடை, இரவும் பகலும் தோலை இழுத்துக்கொண்டிருக்கும். தேர்வு செய்யும்போது கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று தோன்றும் ஆசைக்கு இருபது வருடம் கழித்துத் தோல்தான் பதில் சொல்கிறது.

கொழுப்பு: முதலில் கரையும், அப்புறம் கூடவே வரும்

வயிறு, தொடையிலிருந்து கொழுப்பை உறிஞ்சி மார்பில் ஏற்றும் முறையில் உடைய ஒன்றுமில்லை, மாற்றவும் ஒன்றுமில்லை. இதன் தோல்வி முதலிலேயே வந்துவிடும். ஏற்றியதில் ஒரு பங்கு, சிலருக்குப் பாதிவரைகூட, முதல் சில மாதங்களில் உடம்பே உறிஞ்சிவிடும். அதன்பின் மிஞ்சியது ரத்த ஓட்டம் பிடித்துச் சொந்தத் திசுவாகவே வாழும். எடை கூடினால் அதுவும் பெருக்கும், இளைத்தால் இளைக்கும், வயதோடு சரியும். ஒரு தடவையில் கிடைக்கும் வளர்ச்சி மிதமானதுதான். பெரிய மாற்றம் வேண்டுபவருக்கும், எடுக்கக் கொழுப்பே இல்லாத ஒல்லியானவருக்கும் இது சரிவராது.

அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்கள் சங்கம் 1987-இல் இதை வேண்டாம் என்றே சொன்னது. பிழைக்காத கொழுப்பு எண்ணெய்க் கட்டியாகவோ சுண்ணாம்புப் புள்ளிகளாகவோ மாறும், மேமோகிராமில் அது புற்றுநோயோ என்று குழப்பும் என்ற பயம். 2009-இல் சங்கத்தின் குழு ஒன்று மறுபடி ஆராய்ந்து நிலைப்பாட்டைத் தளர்த்தியது. புள்ளிகள் இப்போதும் வருகின்றன, படம் பார்க்கும் மருத்துவர்கள் பிரித்தறியப் பழகிவிட்டார்கள். கொழுப்பு ஏற்றியவர் அதை ஒவ்வொரு மேமோகிராமிலும் சொல்லிவிட வேண்டும்.

ஊசியில் ஏற்றும் செயற்கை ஜெல்களை இந்தப் போட்டியிலேயே சேர்க்கமாட்டேன். சீனாவில் பரவலாக ஏற்றப்பட்ட பாலிஅக்ரிலமைட் ஜெல் 2006-இல் தடை செய்யப்பட்டது. அது திசுவுக்குள் அங்கங்கே பரவிவிடும், முழுதாக வெளியே எடுக்க வழியில்லை. பைக்கு அந்த வசதியாவது உண்டு.

எடுத்துவிடலாம் என்பதும் அவ்வளவு எளிதான ஆறுதல் இல்லை. வருடக்கணக்கில் இழுபட்ட தோல் பழையபடி சுருங்காது, மெலிந்த சொந்தத் திசு திரும்ப வளராது. சிலருக்குத் தூக்கி நிறுத்த இன்னொரு அறுவை வேண்டியிருக்கும். அரசு செலவிலேயே செய்துகொண்டாலும் பின்னால் வரும் பராமரிப்பு மாறப்போவதில்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-இல் இந்தச் சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியபோது, அழகு பணக்காரர்களுக்கு மட்டும்தானா என்ற வாதம் பெரிதாகப் பேசப்பட்டது. நியாயமான வாதம்தான். பதினைந்தாவது ஸ்கேனைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

பை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தவர், நிறுவனத்தின் பெயர், மாடல், வரிசை எண் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தட்டும். பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமில்லாத மலிவான சிலிகானை அடைத்து விற்றது 2010-இல் வெளிவந்தது. பிரிட்டனில் மட்டும் சுமார் 47,000 பெண்கள் அந்தப் பைகளோடு இருந்தார்கள். அப்போது பலருக்குத் தங்கள் உடம்புக்குள் இருப்பது யாருடைய தயாரிப்பு என்றே தெரியவில்லை. பழைய கிளினிக்குக்கு போன் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. சில கிளினிக்குகள் அதற்குள் மூடப்பட்டிருந்தன.